சொல்லிட்டு வெட்டுங்க

பிரசவ வார்டில் பதினோரு வருஷம் வாளியும் துடைப்பமுமாக அலைந்ததில் அவளுக்கு வாளியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலையை விட்டு நிறுத்தி நாலு வருஷமாகியும் பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

வார்டில் அவள் வேலை தரையைத் துடைப்பது. வலியில் கிடக்கிறவள் கையை நீட்டினால் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். அதுவரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்ததில்தான் வினை வந்தது.

ஒரு நாள், ஆறு மணி நேரமாக வலியில் இருந்த ஒரு பெண்ணைத் தள்ளுகட்டிலில் ஏற்றி நாலு பேர் அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். "எங்க கூட்டிட்டுப் போறீங்க? என்னாச்சு?" என்று அந்தப் பெண் போகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனாள். நாலு பேரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவர்களுக்குள் ஏதோ விடுமுறையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். வாளியக்காவுக்குப் பொறுக்கவில்லை. கட்டிலின் கூடவே ஓடினாள்.

"ஆபரேஷனுக்கும்மா. வயித்தை அறுத்துக் குழந்தையை எடுக்கப் போறாங்க. முதுகுல ஊசி போடுவாங்க, அப்புறம் வலி தெரியாது. பயப்படாத."

அறுவை அறையின் கதவருகே நின்றிருந்த டாக்டரம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "இவளுக்கு யாரு டாக்டர் பட்டம் குடுத்தது?" என்று கேட்டார். அடுத்த மாதம் வாளியக்காவுக்கு அங்கே வேலை இல்லை.

வேலை போன பிறகு, தெரிந்த வீடுகளில் பிரசவத்துக்குத் துணையாகப் போய் உட்கார ஆரம்பித்தாள். உரிமம் வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்த ஒரு மருத்துவச்சி அவளைப் பார்த்துவிட்டு, "நீ செய்யறதுக்கு டூலான்னு ஒரு பேரு இருக்கு. வகுப்புகூட நடத்தறாங்க" என்று சொல்லி அனுப்பினாள். வாளியக்கா போய்ப் படித்துவிட்டு வந்தாள். சான்றிதழைக் காட்டி, "பதினோரு வருஷம் செஞ்சதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க. வாளி மட்டும் தூக்கச் சொல்லலை" என்று சிரித்தாள். பிள்ளையைப் பிடிப்பது தன் வேலையில்லை என்பதில் மட்டும் அவள் கண்டிப்பாக இருந்தாள். கையைப் பிடிப்பாள், இடுப்பை அழுத்துவாள், நடக்க வைப்பாள், குடிக்க வைப்பாள், நடப்பதை நடக்கிறபடியே சொல்லுவாள். அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்து முற்பகலில், வீட்டோடு சேர்ந்த சலவைக் கடை ஒன்றிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று போனாள். முன்னறையில் நீராவி இஸ்திரி சீறிக்கொண்டிருந்தது. பின்னறையில் இரண்டு பெரிய இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருக்க, அதன் நடுவில் ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி நின்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது காப்பி. இது உதட்டுச் சாயம். இது ரத்தம், குளிர்ந்த தண்ணியில ஊறணும். சுடுதண்ணி பட்டுச்சுன்னா உறைஞ்சு உக்காந்துக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள், நிமிர்ந்து பார்த்தாள். "வாங்கக்கா. என்னைத் தெரியுதா?"

"எங்கேயோ பாத்த முகம்தான்."

"'ஆபரேஷனுக்கும்மா, பயப்படாத'ன்னு சொன்னீங்களே. அவதான் நான்."

வாளியக்கா பக்கத்திலிருந்த துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க வேலை போனது அப்புறம்தான் எனக்குத் தெரியும். தேடிட்டே இருந்தேன்" என்றாள் சலவைக்காரி. "இந்த வாட்டி நான் வீட்டுலதான் பெத்துக்கப் போறேன். நீங்க கூட இருக்கணும்."

"ஒரு தடவை அறுத்த வயிறும்மா."

"தெரியும்."

"முழுசாத் தெரியுமா? பழைய தையல் வலி நேரத்துல பிரிஞ்சுக்கலாம். இருநூறு பேர்ல ஒருத்தருக்கு அப்படி ஆகும்னு சொல்றாங்க. அந்த ஒருத்தி யாருன்னு முன்கூட்டியே ஒருத்தருக்கும் தெரியாது. ஆச்சுன்னா நிமிஷக் கணக்குதான். அதனாலதான் எந்த டாக்டரும் இதுக்குச் சரின்னு சொல்ல மாட்டாங்க. அவங்க சொல்றதுல நியாயமும் இருக்கு."

சலவைக்காரி கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். "பாருங்க, நீங்க ஒருத்தர்தான் அந்த இருநூறையே என்கிட்ட சொல்றீங்க. நான் போய்க் கேட்டேன்கா. அதே டாக்டர்கிட்டதான். தையல் பிரியறதுக்கு எவ்வளவு வாய்ப்பு, தானாப் பொறக்கறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு. 'உனக்கெதுக்கும்மா அந்தக் கணக்கெல்லாம், தேதி குறிச்சுத் தர்றேன், வந்து படு'ன்னாங்க. போன தடவையும் படுத்தேன். கண்ணு முழிச்சிட்டே படுத்திருந்தேன். என் வயித்தை என்ன பண்றாங்கன்னு எனக்கே தெரியாது. கையெழுத்து போட்டது இவரு, வெட்டு வாங்கினது நான்."

முன்னறையில் இஸ்திரியின் சீறல் நின்றது. அவள் புருஷன், இஸ்திரிக்காரன், ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் வந்து நின்றான்.

"பேனாவை நீட்டினாங்க. போட்டேன்" என்றான். "அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அவன் திரும்பிப் போய்ச் சட்டையின் காலரை மறுபடி முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தான்.

வாளியக்கா இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தாள். மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டால் தன் தலை தப்பும். ஆனால் அந்தப் பெண் எப்படியும் வீட்டில்தான் பெறப் போகிறாள். யாருமில்லாமல் பெறுவாள். மூன்றாம் நாள் மருத்துவச்சியிடம் போனாள். அளந்து பேசுகிற மனுஷி அவள்.

"கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. நானும் கூடாதுன்னுதான் அவகிட்ட நேர்ல சொல்வேன்" என்றாள் மருத்துவச்சி. "கேட்டுட்டும் மாட்டேன்னா, அப்ப வர்றேன். தனியா விட முடியாது."

நேரில் வந்து சொன்னாள். சலவைக்காரி முழுவதும் கேட்டுவிட்டு மாட்டேன் என்றாள்.

பிறகு நாலு பேருமாக உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். சட்டை மடிக்க வைக்கும் அட்டை ஒன்றை எடுத்து இஸ்திரிக்காரன் எழுதினான். பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால் கிளம்ப வேண்டும். ரத்தம் பெருகினால் கிளம்ப வேண்டும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் பழைய தையலில் நோவு நின்றால், குழந்தையின் துடிப்பு இறங்கினால், கருப்பை வாய் மணிக்கணக்கில் திறக்காமல் நின்றுவிட்டால், கிளம்ப வேண்டும். துணி ஏற்றுகிற வண்டி, வலி வருகிற அன்றைக்கு முழுக்க வாசலில் நிற்க வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது.

"இதுல ஒண்ணு வந்தாலும் போயிடணும். இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாம்ங்கற பேச்சே கிடையாது" என்றாள் வாளியக்கா.

"சரி. ஆனா போலாம்ங்கறதை நான்தான் சொல்லுவேன்."

"நீ சொல்லலைன்னா?"

"சொல்லுவேன்கா. நான் பிடிவாதக்காரிதான், முட்டாள் இல்லை." அட்டையைத் திருப்பிப் போட்டாள். "அங்க போக வேண்டியிருந்தா நான் என்னென்ன கேப்பேன்னு இந்தப் பக்கம் எழுதுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விஷயம் காதில் விழுந்து நாத்தனார் வந்து இறங்கினாள். இஸ்திரிக்காரனுக்கு அக்கா. அதே ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். ஒரு கையில் பழப்பை, இன்னொரு கையில் ரொட்டிப் பொட்டலம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வீட்டுலயா? ஏன், இன்னும் கொஞ்சம் தள்ளிக் கடை வாசல்லயே பாயை விரிச்சுக்கயேன். துணி வாங்க வர்றவங்க வேடிக்கையும் பாத்துட்டுப் போவாங்க."

"உக்காருங்க அண்ணி. சாப்பிட்டீங்களா?"

"என் வயிறு ஏற்கெனவே எரிஞ்சுட்டுத்தான் இருக்கு, சாப்பாடு வேறயா? ஏன்டா, உனக்காவது மூளை இருக்கா? பொண்டாட்டி சொன்னா தலையை ஆட்டிடறதா?"

"போன தடவை டாக்டர் சொன்னதுக்குத் தலையை ஆட்டினேன்கா" என்றான் இஸ்திரிக்காரன்.

சலவைக்காரி ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டைத் தன் நாலு வயசு மகளிடம் கொடுத்தாள். "அண்ணி, உங்க வார்டுல குழந்தைக்கு ஊசி போடறப்ப என்ன சொல்லிப் போடுவீங்க?"

"வலிக்காதும்பேன். வேறென்ன சொல்றது?"

"வலிக்கும்ல?"

"வலிக்கத்தான் செய்யும்."

"அதையாவது நீங்க சொல்றீங்க. என்கிட்ட அந்தப் பொய்கூட யாரும் சொல்லலை."

நாத்தனார் வாளியக்காவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"உங்களை எனக்குத் தெரியும். நல்ல மனசுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா குழந்தை நீலம் பாரிச்சு வர்றப்ப நீங்க அங்க இருக்க மாட்டீங்க. நான் இருப்பேன். என் கையில கொண்டுவந்து போடுவாங்க. எத்தனை குழந்தைங்க நெஞ்சை இந்த ரெண்டு விரலால அமுக்கியிருக்கேன்னு தெரியுமா? எத்தனை எந்திரிக்கலைன்னு தெரியுமா?"

வாளியக்கா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவுமில்லை, தொலைபேசியை எடுக்கவுமில்லை.

வலி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மழையோடு வந்தது. வாளியக்கா போய்ச் சேர்ந்தபோது சலவைக்காரி தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகளை எதிர் வீட்டுத் தையற்காரியிடம் விட்டிருந்தார்கள். இயந்திரங்கள் ஓடவில்லை. கடையில் அவ்வளவு அமைதியை வாளியக்கா அதுவரை கேட்டதில்லை. தகரக் கூரையில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

வலி வந்தால் மேசை விளிம்பைப் பிடித்துக் குனிவாள். போனால் விட்ட மடிப்பிலிருந்து தொடர்வாள். எட்டு மணிக்கு மருத்துவச்சி வந்து, கைக்கருவியை வயிற்றில் வைத்துக் கேட்டாள். குதிரை ஓடுகிற மாதிரி குழந்தையின் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. இஸ்திரிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"நிக்காதீங்க, வாங்க. இடுப்புல இந்த இடத்தை அழுத்துங்க" என்று வாளியக்கா அவன் கையைப் பிடித்து வைத்தாள். அவன் பழக்க தோஷத்தில் மேலும் கீழுமாகத் தேய்க்க ஆரம்பித்தான்.

"யோவ், நான் என்ன சட்டையா?" என்றாள் சலவைக்காரி.

"தேய்க்காதீங்க. சும்மா அழுத்திப் பிடிங்க. அவ விடச் சொல்ற வரைக்கும்."

பத்து மணிக்கு அவித்த முட்டையும் தேன் கலந்த வெந்நீரும். பதினொரு மணிக்குச் சூடான காய்கறிச் சாறு, அதில் பாதி வாந்தியாகப் போனது. நடந்தாள். துணி மூட்டைமேல் கவிழ்ந்து தொங்கினாள். சுவரில் கைகளை ஊன்றிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். தெருவில் குடை பிடித்துப் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மதியம் மருத்துவச்சி சோதித்துப் பார்த்து, கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றாள். எல்லார் முகமும் மலர்ந்தது.

இரண்டு மணிக்கும் அதே ஆறுதான்.

மூன்று மணி சுமாருக்கு மருத்துவச்சி கைகழுவப் பின்பக்கம் போயிருந்தாள். சலவைக்காரி தரையில் விரித்த வெள்ளை விரிப்பின்மேல் மண்டியிட்டிருந்தாள். ஒரு பெரிய வலியின் உச்சியில் பனிக்குடம் உடைந்து நீர் கொட்டியது. "உடைஞ்சிடுச்சு, உடைஞ்சிடுச்சு" என்று அவள் மூச்சு வாங்கச் சிரித்தாள்.

வாளியக்கா விரிப்பைப் பார்த்தாள். நிறம் லேசாகத்தான் இருந்தது. மழை இருட்டில் ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லிவிடலாம். அந்த ஒரு கணத்தில் அவள் மனம் போன போக்கைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் முகங்கள் வந்தன, வாளி பிரசவம் பார்த்த லட்சணம் என்கிற சிரிப்பு வந்தது, இன்னும் அரைமணி பொறுத்தால் தானாகவே பிறந்துவிடாதா என்கிற ஆசை வந்தது. வாயைத் திறந்தாள்.

"அந்த விரிப்பைப் பாரும்மா" என்றாள்.

சலவைக்காரி குனிந்தாள். நனைந்த விளிம்பை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், ஆயிரம் விரிப்புகளைப் பிடித்துப் பார்த்த மாதிரியே.

"பச்சை" என்றாள்.

"ஆமா."

"துவைக்காத விரிப்பு எதையாவது எடுத்துப் போட்டுட்டாரா?"

"நீயே துவைச்சதும்மா."

அடுத்த வலி வந்தது. அந்த வலி முழுவதும் அவள் அழுதாள். வாளியக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி, வேண்டாம் வேண்டாம் என்று அழுதாள். வலி இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போலாம்" என்றாள்.

ஓடி வந்த மருத்துவச்சி கருவியை வைத்துக் கேட்டாள். வலி ஏறும்போது குதிரை நடை தளர்ந்தது, வலி போன பிறகும் நிதானமாகத்தான் மீண்டது. "நல்ல நேரத்துல சொன்ன. கிளம்பு" என்றாள். இஸ்திரிக்காரன் வண்டியில் துணி மூட்டைகளைப் பரப்பி மெத்தையாக்கியிருந்தான். பதினொரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அட்டை சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள்ள யாருக்கும் நினைவு வரவில்லை.

"என்ன வாளி, மறுபடி வேலைக்கா?" என்றான் வாசல் காவலாளி. வாளியக்கா அவனைக் கண்டுகொள்ளாமல் தள்ளுகட்டிலின் பின்னால் நடந்தாள். பிரசவ அறை வாசலில் தலைமை நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். "வெளியாள் உள்ள வரக்கூடாது."

"அவங்க வரலைன்னா நான் இங்கேயே இறங்கி நிப்பேன்" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள் சலவைக்காரி. இறங்கவும் காலைத் தொங்கப் போட்டாள். தலைமை நர்ஸ் அவசரமாக அவள் காலைப் பிடித்து உள்ளே தள்ளினாள். அந்தக் களேபரத்தில் வாளியக்காவும் உள்ளே போய்விட்டாள்.

டாக்டரம்மா வந்தார். அதே டாக்டரம்மா. நாலு வருஷத்துக்கு முன் வேலையை விட்டு நிறுத்திய வாளியக்காவின் முகம் அவருக்கு நினைவில்லை. வயிற்றில் பட்டையைக் கட்டி, துடிப்பு காகிதத்தில் கோடாக வருவதைப் பார்த்தார். கூட வந்த மருத்துவச்சி நேரத்தையும் எண்களையும் மடமடவென்று சொன்னாள். டாக்டரம்மாவின் முகம் சிவந்தது.

"வீட்டுலயே பெத்துக்கலாம்னு பாத்தியா? தையல் போட்ட வயித்தோட? இப்ப மட்டும் நாங்க வேணுமா?"

"ஆமா டாக்டர், வேணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்." சலவைக்காரி மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினாள். "திட்டறதை நாளைக்கு வச்சுக்குங்க. எங்கேயும் போக மாட்டேன், படுத்துட்டே கேட்டுக்கறேன். இப்ப என் குழந்தை எப்படியிருக்கு, சொல்லுங்க."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அதற்குள் படிவத்தைப் பலகையில் செருகி, பேனாவோடு இஸ்திரிக்காரனிடம் நீட்டினாள்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

இஸ்திரிக்காரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "அவகிட்ட குடுங்க."

"அவங்க வலியில இருக்காங்க. நீங்க போட்டாப் போதும்."

"எனக்கு ஒண்ணும் வலி இல்லைங்க. வலிக்கறவ போடட்டும். நான் ஒரு தடவை போட்டதே ஆயுசுக்கும் போதும்." அவன் கை வெளியே வரவில்லை.

பலகை சலவைக்காரியின் மடிக்கு வந்தது. டாக்டரம்மா காகிதக் கோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்துக்கு வந்தார்.

"ஒவ்வொரு வலிக்கும் குழந்தையோட துடிப்பு இறங்குது. வயித்துக்குள்ளயே மலம் போயிருக்கு. கருப்பை வாய் மூணு மணி நேரமாத் திறக்காம நிக்குது. இன்னும் கொஞ்ச நேரம் கருவியைக் கட்டிட்டுப் பாக்கலாம், அதுவும் ஒரு வழிதான். ஆனா பழைய தையல் இருக்கு. என் அபிப்பிராயம், காத்திருக்க வேண்டாம்."

"காத்திருந்தா யாருக்கு ஆபத்து? எனக்கா, அதுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"இவ்வளவுதான் டாக்டர். இதை எனக்குப் போன தடவை யாராவது சொல்லியிருந்தா நான் எதுக்கு வீட்டுல உக்காந்திருக்கப் போறேன்?" அடுத்த வலி ஏறிக்கொண்டிருந்தது. அது இறங்கும்வரை வாளியக்காவின் விரல்களை நெரித்துவிட்டுத் தொடர்ந்தாள். "வெட்டுங்க. ஆனா எனக்கு முழிப்பு இருக்கணும். இந்த அக்கா என் தலைமாட்டுல இருக்கணும். ஒவ்வொண்ணையும் சொல்லிட்டுச் செய்யணும். குழந்தையை முதல்ல என் நெஞ்சுல வைக்கணும்."

"குழந்தை மூச்சுத் திணறினா வைக்க முடியாது. அதுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"சரி. அதை மட்டும் ஒத்துக்கறேன்."

கையெழுத்து கோணல்மாணலாக, படிவத்தின் பாதியை அடைத்துக்கொண்டு விழுந்தது.

அறுவை அறைக் கதவில் மறுபடி தகராறு. வெளியாளை அதற்குள் விட்டதே கிடையாது என்றாள் தலைமை நர்ஸ். அப்போது குழந்தைகள் பிரிவிலிருந்து ஆள் வரச் சொன்னதற்கு ஓடி வந்தவள் நாத்தனார். கட்டிலில் கிடப்பது யாரென்று பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரோரமாகக் கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றிருந்தான். அப்புறம் வாளியக்காவைப் பார்த்தாள்.

"இவங்களுக்கு ஒரு கவுன் எடுங்க சிஸ்டர். என்கூட வர்றாங்க."

"மேலிடத்துல கேட்டா?"

"என்னைக் கைகாட்டுங்க. பத்தொன்பது வருஷமா ஒண்ணும் கேக்கலை, இன்னிக்குக் கேக்கட்டும்." கவுனின் நாடாவை வாளியக்காவின் முதுகில் இழுத்துக் கட்டிக்கொண்டே காதருகில் சொன்னாள்: "உள்ள எதையாவது தொட்டீங்க, கையை உடைச்சிடுவேன்."

வாளியக்கா தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் அந்த அறையின் தரையைத் தெரியும், அங்கே உட்கார்ந்தது கிடையாது. நடுவில் பச்சைத் திரை எழுந்தது.

"சொல்லிட்டு வெட்டுங்க டாக்டர்" என்றாள் சலவைக்காரி.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து "கிள்ளறேன், வலிக்குதா?" என்று டாக்டரம்மாவின் குரல் வந்தது. இல்லை என்றாள். "இப்ப தோலை அறுக்கறேன்... பழைய தழும்பு மேலயே போறேன்... இப்ப கருப்பை. இழுக்கற மாதிரி இருக்கும், பலமா இழுப்பேன், பயப்படாதீங்க." நீ என்றது எப்போது நீங்க ஆனது என்று வாளியக்கா கவனிக்கவில்லை. ஆனால் ஆகியிருந்தது.

"குழந்தை வெளிய வந்தாச்சு. பொண்ணு."

அழுகை இல்லை.

"ஏன் அழலை? அக்கா, ஏன் அழலை? யாராவது சொல்லுங்க!"

மூலையிலிருந்த மேசையிலிருந்து நாத்தனாரின் குரல்தான் வந்தது, நிதானமாக.

"நான் சொல்றேன், கேளு. என் கையிலதான் இருக்கு. ஈரத்தைத் துடைக்கறேன். வாயை உறிஞ்சி எடுக்கறேன், பச்சையா வருது, வரட்டும். முதுகைத் தேய்க்கறேன். நீலமாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். துடிப்பு இருக்கு. முகத்துல மூடியை வச்சுக் காத்து குடுக்கறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நெஞ்சு ஏறுது. இரு. உதடு மாறுது. இரு..."

சின்னதாக, கோபமாக, ஒரு கத்தல்.

"இந்தா, கேட்டுக்க. உன்னை மாதிரியே வாய்" என்றாள் நாத்தனார். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் துணியில் சுற்றி அம்மாவின் கன்னத்தோடு ஒட்டி வைத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் தைத்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, கேட்காமலேயே சொன்னார்: "பழைய தையல் காகிதம் மாதிரி மெலிஞ்சிருந்துச்சு. வெட்டறதுக்கு முன்னாடியே அது வழியா உள்ள இருந்த குழந்தையோட முடி தெரிஞ்சுது."

"வீட்டுலயே இருந்திருந்தா?"

"தாங்கியிருக்கலாம். பிரிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் சொல்ல முடியும்."

வாளியக்காவுக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த அந்த விரிப்பு நினைவுக்கு வந்தது. லேசாகத்தான் நிறம் மாறியிருந்தது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு பல நாட்கள், பாத்திரம் கழுவும்போதும் பேருந்தில் போகும்போதும் அந்த நினைப்பு திடீரென்று வந்து அவள் கையை நிறுத்தியது. முதல் நாளே இவளை இங்கே இழுத்து வந்திருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்வாள். அப்படி இழுத்து வந்திருந்தால் அன்று பதில் சொல்லாமல் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போன நாலு பேரைப் போலத் தானும் ஒருத்திதானே என்றும் தோன்றும். இரண்டில் எதுவும் இன்னொன்றை முழுசாகச் சாய்க்கவில்லை.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாளியக்கா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சலவைக்காரி தன் மருத்துவக் கோப்பைக் கொண்டுவரச் சொல்லி, மடியில் குழந்தையோடு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"சிஸ்டர், டாக்டரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

"எதுக்கும்மா? எல்லாம்தான் முடிஞ்சுதே."

"ஒண்ணு முடியலை."

அரைமணி கழித்து டாக்டரம்மா வந்தார். சலவைக்காரி அந்தப் பக்கத்தைக் காட்டினாள். 'நோயாளி மருத்துவ ஆலோசனையை மீறியவர். ஒத்துழைக்காதவர்' என்று இருந்தது.

"மீறினேன். அது நிஜம், இருக்கட்டும். ஒத்துழைக்கலைங்கறது தப்பு. நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன், சரின்னு கையெழுத்து போட்டேன். அதையும் எழுதுங்க. எழுதற வரைக்கும் இந்தக் கட்டிலைக் காலி பண்ண மாட்டேன்."

"வெளிய நாலு பேர் கட்டிலுக்குக் காத்திட்டிருக்காங்கம்மா."

"அப்ப சீக்கிரம் எழுதுங்க."

டாக்டரம்மாவின் உதடு இறுகியது. சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று சொல்ல முடியாது. பேனாவைத் திறந்து ஒரு வார்த்தையை அடித்தார், மேலே ஒரு வரி எழுதினார், ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். சலவைக்காரி அதைக் குழந்தைக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி, வார்டுக்கே கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

"'நிலைமையை விளக்கக் கேட்டு, தானே சம்மதித்தார்.'"

கோப்பை மூடிக் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டிலிலிருந்து இறங்கினாள். இஸ்திரிக்காரன் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டாள். நடந்தார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன வாளியக்கா, பக்கத்துக் கட்டிலைக் கடக்கும்போது ஒரு குரல் கேட்டு நின்றாள். அன்று காலையில்தான் சேர்ந்த சின்னப் பெண், முதல் பிரசவம், அதுவரை வாயே திறக்காதவள், ஊசியோடு குனிந்த நர்ஸிடமிருந்து தன் கையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன ஊசி சிஸ்டர்? சொல்லிட்டுப் போடுங்க."

நர்ஸ் நிமிர்ந்து வாளியக்காவை முறைத்தாள்.

"நான் ஒரு வார்த்தையும் பேசலையே" என்றாள் வாளியக்கா.